ஏஐ எழுதின லெட்டர்ல உங்க கதை எங்கே?

வீட்டைக் காலி பண்ணி 3 மாசம் ஆச்சு. அட்வான்ஸ் இன்னும் வரலை. ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டா, ‘அடுத்த வாரம்’ங்கிறார். சரி, முறைப்படி ஒரு கடிதம் அனுப்பிடலாம்னு சாட்ஜிபிடியைத் திறக்கிறீங்க. சில நொடிகள்ல 2 பக்கம் ரெடி. படிக்க கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா, அதுல உங்க வீடே இல்லை!

விவரம் கொடுக்காம கேட்டா, எல்லா வாடகைதாரருக்கும் பொருந்துற ஒரு கடிதத்தைத்தான் ஏஐ தரும். ‘கடும் மன உளைச்சல்’, ‘தக்க சட்ட நடவடிக்கை’னு வார்த்தைகள் கொட்டும். ‘தாங்கள் ஒப்பந்தத்தை மீறியுள்ளீர்கள்’னு எழுதினா ஓனர் அசர மாட்டார். ‘மார்ச் 2-ம் தேதி சாவியை வாங்கும்போது, வீடு சுத்தமா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க’ங்கிற வரி அவரை யோசிக்க வைக்கும். அந்த வரி ஏஐ-க்குத் தெரியாது. அது உங்க ஞாபகத்துலயும் வாட்ஸ்அப் சாட்லயும்தான் இருக்கு.

அதனால, முதல்ல நீங்க எழுதுங்க. ஃப்ரெண்டுகிட்ட புலம்புற மாதிரி இருந்தாலும் ஓகே. அப்புறம் ஏஐ-கிட்ட கொடுத்து, ‘தேதி வாரியா அடுக்கு, புதுசா எதையும் சேர்க்காதே, எங்கே விவரம் குறையுதுன்னு என்னைக் கேள்வி கேள்’னு சொல்லுங்க. கடைசியா சொன்னதுதான் முக்கியம். ‘பெயின்ட் செலவைக் கழிக்கலாம்னு அக்ரிமென்ட்ல இருக்கா?’னு அது கேட்கும்போதுதான், பீரோவுல கிடக்கிற அக்ரிமென்ட்டை எடுத்துப் படிப்போம். பெயர், ஆதார், அக்கவுன்ட் நம்பரை மட்டும் அதுகிட்ட கொடுக்காதீங்க. அந்த இடங்களைக் காலியா விட்டு, பின்னாடி நீங்களே நிரப்பிக்கலாம்.

சட்டப் பிரிவு, தீர்ப்புன்னு அது எதையாவது சேர்த்தா உஷார்! நியூயார்க்கில், ஏவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே தாக்கல் செய்தாங்க. அப்படித் தீர்ப்புகளே கிடையாது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதுல கூத்து என்னன்னா, ‘இது நிஜமான வழக்குதானா?’னு ஒரு வக்கீல் சாட்ஜிபிடி-கிட்டயே கேட்டிருக்கார். அதுவும் ‘ஆமா’ன்னு சொல்லிருக்கு. நம்ம நாட்டுச் சட்டப் பிரிவுகளை ‘இந்தியா கோட்’ அரசுத் தளத்துல இலவசமாவே சரிபார்க்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. உங்களுக்கே அர்த்தம் புரியாத வார்த்தை வந்தா வெட்டிடுங்க. தொகை பெருசுன்னா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுறது நல்லது. ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, ரசீதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.