ஆடி மழையில் அலிபாக்

மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு விடுமுறை என்றாலே ஊர்ப் பயணந்தான். மே மாதத்தில் குலதெய்வம், கலியாணம், காதுகுத்து எல்லாம் கண்டு திரும்பும்போது லீவும் கையிருப்பும் ஒருசேரத் தீர்ந்திருக்கும். பிறகு செப்டம்பர் வரை, காயாத துணிகளுக்கும் பொறுமையிழந்த பிள்ளைகளுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறோம். சென்ற ஆடியில் நாங்கள் நான்கு குடும்பத்தார் ஒரு சனி ஞாயிறை அலிபாக் கடற்கரையில் நடந்தே கழித்து வந்தோம். மழையில் கடற்கரைக்கா என்று நகைத்த அன்பர்களுக்காகவே இதனை எழுதலாயிற்று.

கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் சிறு படகுகள் மழைக்காலத்தில் ஓடுவதில்லை. வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்று 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து செல்கிறது. அதுவும் காற்றும் அலையும் இடங்கொடுத்தால்தான். 'இடங்கொடுத்தால்' என்பது இரயில்வேக்காரர் காதுக்கு இனிய சொல்லன்று. ஆகவே பேண் வரை இரயிலிலும், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் அரசுப் பேருந்திலும் சென்றோம். பேண் நகரில் அம்மாதம் வீட்டுக்கு வீடு பிள்ளையார் பொம்மைகள் உருவாகிக்கொண்டிருக்கும். வண்ணம் பூசாத நூற்றுக்கணக்கான விநாயகர்கள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் கண்ட குழந்தைகளைப் பேருந்துக்கு இழுத்து வருவதே பெரும்பாடாயிற்று.

அலிபாக்கின் மணல் கறுப்பு. மழையில் நனைந்தால் இன்னும் கறுக்கிறது. விடுதிகளில் பாதிக்கு மேல் காலி. வாடகையைப் பேசிக் குறைக்க முடிகிறது. சவுக்குத் தோப்புகளின் ஓரமாக வர்சோலி வரை நடந்தோம். குடை பயன்படாது, காற்று அதனைக் கவிழ்த்துவிடும். மழைக்கோட்டும் வாருள்ள செருப்புமே உகந்தவை. ஊருக்குள் காந்தவியல் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. மும்பை டிராம்களை மின்சாரத்தில் ஓட்டத் திட்டமிட்டபோது, அம்மின்சாரம் கொலாபாவிலிருந்த நுண்கருவிகளைக் கலைக்கும் என்று அஞ்சி 1904-இல் இங்கே அமைத்தார்கள். டிராம்கள் 1964-இல் மறைந்தன, ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஆயினும் அலிபாக் என்றால் கொலாபா கோட்டைதான். மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் பெயரோடு பிணைந்த அக்கோட்டை கரையிலிருந்து சற்றுத் தொலைவில் கடலுக்குள் நிற்கிறது. மற்ற மாதங்களில் கடல் வற்றும் வேளையில் நடந்தோ குதிரை வண்டியிலோ போய் வருவார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் பார்த்தபோது பாறைகள் வெளியே தெரிந்தன; நீர் முழங்காலளவுகூட இராது போலிருந்தது. குழுவில் மூத்தவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். "இவ்வளவு தூரம் வந்து கோட்டையைத் தொடாமல் திரும்புவதா? அரைமணியில் வந்துவிடலாம்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பையன்கள் அவருக்கு முன்னே ஓடினார்கள்.

தேநீர்க் கடை மவுஷி அடுப்பை விட்டெழுந்து வந்துவிட்டார். "மாமா, பௌர்ணமி போய் இரண்டு நாள்தான் ஆகிறது. ஏழு மணிக்கே நீர் திரும்பிவிட்டது. அது எதிரே வராது; பக்கங்களிலிருந்து சூழும். இக்குழந்தைகளை யார் தூக்கி வருவது?" என்றார் மராத்தியில். மாமாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. வீட்டுப் பெண்கள் ஒரே குரலாய் மவுஷியின் பக்கம் நின்றமையால் அவர் பெஞ்சில் அமர்ந்தார். ஒன்பது மணிக்குள் பாறைகளைக் காணோம். மாமா இரண்டாவது தேநீர் கேட்டார்.

ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை. நேரம் தினந்தோறும் ஏறத்தாழ 50 நிமிஷம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். வெகுதூரம் வற்றிக் கிடக்கும் கடலே ஆளை ஏமாற்றுவது. அட்டவணை பார்த்தாலும் உள்ளூராரைக் கேளாமல் இறங்கலாகாது. மழை மாதங்களில் இறங்காதிருப்பதே உத்தமம்.

மீன் உண்ணும் அன்பர்க்கு ஒரு செய்தி: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கருவாடுதான் கிடைக்கும். சைவர்க்குக் குறையில்லை, சரம் சரமாகத் தொங்கும் அலிபாக் வெள்ளை வெங்காயம் இனிப்பானது, 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாம்பாருக்கு ஆகாது என்று எங்கள் வீட்டார் தீர்ப்பளித்தனர். பச்சடிக்கு அதனை மிஞ்ச ஒன்றில்லை.

நாரளி பௌர்ணமியன்று கோளி மக்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துப் படகுகளை இறக்குவார்கள். பெரும்பாலும் நம்மில் பலர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் நாளும் அதுவே. அதன்பின் கூட்டம் திரும்பும், வாடகையும் ஏறும். போக நினைப்பவர்கள் அதற்கு முன்னரே போய் வருக.