248 நாள், 16 விதி, 201 ஆண்டு

1703 நவம்பர் 6 அன்று போப்பின் தூதர் ஷார்ல் தொமா மையார் த தூர்னோன் புதுச்சேரியில் கரையிறங்கினார். வயது 34. அடுத்த ஆண்டு ஜூலை 11 அன்று சீனப் பயணத்துக்காக மீண்டும் கப்பலேறினார். மொத்தம் 248 நாள். உடல்நலம் இடங்கொடுக்காததால் அவர் உள்நாட்டுக்குப் போகவே இல்லை. சடங்கு முறைகள் குறித்த அவருடைய தீர்ப்புக்கு ஆளான சேசு சபை மிஷனின் தலையூரான மதுரை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சேசு சபைத் தரப்பில் அவர் விசாரித்த குருக்கள் 2 பேர், பூஷேயும் பெர்த்தோல்தியும். ஆணை ஜூன் 23 அன்று கையெழுத்தானது. ஜூலை 8 அன்றுதான் வெளியானது. மறுப்புச் சொல்ல நினைத்தவர்களுக்குத் தூதர் ஊரில் இருந்த நாள் 3.

வழக்குக்கு ஒரு முன்கதை உண்டு. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறிய 1674-ஐ ஒட்டியே கப்புச்சின் சபைத் துறவிகளும் வந்துவிட்டார்கள். பிரெஞ்சுச் சேசு சபையார் வந்தது 1688-இல் சயாமை விட்டு வெளியேற நேர்ந்த பிறகு. 17-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், தாமும் சேசு சபையைச் சேர்ந்தவரான மயிலாப்பூர் ஆயர் மந்தையை இரண்டாகப் பிரித்தார்: தமிழ்க் கிறிஸ்தவர் சேசு சபைக்கு, ஐரோப்பியர் கப்புச்சின்களுக்கு. சேசு சபையாரின் சடங்கு முறைகள் பற்றி ரோமுக்குப் புகார் எழுதியவர்கள் கப்புச்சின்கள். கொள்கைப் பிடிப்பு எவ்வளவு, பறிபோன மந்தையின் வருத்தம் எவ்வளவு என்பதைத் தேதிகள் சொல்லா. இரு சபைகளின் தடம் ஊரார் பேச்சில் இன்றும் இருக்கிறது: சேசு சபையாரின் வழிவந்த மிஷன் வீதிப் பேராலயம் சம்பா கோயில், துய்மா வீதியில் உள்ளது கப்ஸ் கோயில். இப்போதைய கட்டடங்கள் முறையே 1791, 1855-ஐச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே 1 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆணையில் விதிகள் 16. திரித்துவம் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. போப்பின் அதிகாரத்தை யாரும் மறுத்ததாகவும் இல்லை. ஞானஸ்நானத்தில் உப்பு, உமிழ்நீர், ஊதுதல் மூன்றையும் விடக்கூடாது. குழந்தைக்குப் புனிதர் பெயரே வைக்க வேண்டும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. அதைக் கோத்த 108 இழை மஞ்சள் சரடும் ஆகாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. பெண் பருவமடைந்ததைக் கொண்டாடக்கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டி அவளைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கவும் கூடாது. நெற்றியில் சாம்பல் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர் இந்துக் கோயில் விழாவில் வாசிக்கக்கூடாது. மாசி மகத்தன்று 100-க்கும் மேற்பட்ட உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் வைத்திக்குப்பம் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு விதி எத்தனை வீட்டு அடுப்பைத் தொட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பறையர் சமூகத்தில் ஒருவர் நோயுற்றால் குரு அவர் வீட்டுக்கே போக வேண்டும் என்பதும் ஒரு விதி.

இவற்றை ஒத்த சில வழக்கங்களுக்கு ஏற்கெனவே ரோமின் இசைவு இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் முறைகளில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை 1623 ஜனவரி 31 அன்று போப் 15-ஆம் கிரகோரி சில வரம்புகளோடு அனுமதித்தார். அதிலிருந்து தூர்னோனின் ஆணை வரை 81 ஆண்டு. ஆணையிலிருந்து 14-ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வெளியிட்ட 1744 செப்டம்பர் 12 வரை 40 ஆண்டு 2 மாதம் 20 நாள். 5 போப்புகளின் காலம். கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேரவே பெரும்பாலும் 6 மாதத்துக்குமேல் பிடித்த காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதிகளுக்குக் கீழ்ப்படிவதாக மிஷனரிகள் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய உறுதிமொழி 1739-இல் வந்தது, 1940-இல் விலக்கப்பட்டது: 201 ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி 1674 முதல் 1954 வரை, பிறர் வசம் இருந்த இடைக்காலங்களையும் கூட்டினால், 280 ஆண்டு. உறுதிமொழியின் ஆயுள் அதில் 72 சதவீதம். வழக்கின் பிரதிவாதியான சேசு சபையையே ரோம் 1773-இல் கலைத்தது. அதன் புதுச்சேரிப் பணி 1776-இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபைக்குப் போனது. அதன் பிறகும் உறுதிமொழி 164 ஆண்டு நீடித்தது.

பறையர் பற்றிய விதிக்குத் தனிக் கணக்கு வேண்டும். 1744 தீர்ப்பில் அதற்குக் கிடைத்த தீர்வு, அச்சமூகத்துக்கென்று தனி மிஷனரிகள். பிரிவினைக்கு எதிரான விதி, குருக்களையே இரண்டு வரிசையாக்கி நிறைவேறியது. தீர்ப்பு வந்து 13 மாதம் கழித்து, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் சம்பா கோயிலுக்குள் நின்ற ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறார். வட பக்கத்தில் பறையர் கிறிஸ்தவர். மறுபக்கத்தில் சாதிக் கிறிஸ்தவரும் சட்டைக்காரர் எனப்பட்ட கலப்பினத்தாரும் ஐரோப்பியரும். பறையர் திரண்டுபோய்க் குருவிடம் முறையிட்ட பிறகு சுவர் இடிக்கப்பட்டது. தூர்னோனின் ஆணைக்கு அப்போது வயது 41.

புராட்டஸ்டன்ட் கணக்கு வேறு ஊரில் தொடங்குகிறது. தூர்னோன் புறப்பட்டு 2 ஆண்டுக்குள், 1706 ஜூலை 9 அன்று, புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கினார். அதே ஊரில் 1919 மே மாதம் 33 பேர் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 31 பேர் இந்தியர். ஒன்றிணைவு நடந்தது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சேர்ந்து 14 திருமண்டலங்களும் சுமார் 10 லட்சம் உறுப்பினரும் கொண்ட தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பேச்சுவார்த்தைக்குச் செலவான காலம் 28 ஆண்டு. அதில் பெரும்பங்கை விழுங்கிய கேள்வி, பேராயர் கையால் அபிஷேகம் பெறாத ஊழியரை ஏற்பதா என்பது. விலகி நின்ற நந்தியால் 1975-இல்தான் சேர்ந்தது. அதற்கும் 28 ஆண்டு. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்ததும் அறிக்கை வெளியான 1919-இல்தான். அது இன்றும் தனித்தே இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் 12,47,953 பேரில் கிறிஸ்தவர் 78,550, அதாவது 6.29 சதவீதம். 2001-இல் 9,74,345-இல் 67,688, 6.95 சதவீதம். பத்தாண்டில் மக்கள்தொகை 28.1 சதவீதம் கூடியது, கிறிஸ்தவர் 16.0 சதவீதம். சபைகளின் பூசலைத் தேடுபவருக்கு இந்த முதன்மை அட்டவணை உதவாது. கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகோஸ்தே எல்லாருக்கும் அதில் ஒரே வரிதான். பட்டியல் சாதியினர் 1,96,325 பேர், 15.7 சதவீதம். அந்த எண்ணிக்கையில் கிறிஸ்தவர் 0. அப்படி யாரும் இல்லை என்பதால் அல்ல. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியலில் சேர்க்கும் விதி அது. திருச்சபையின் எண் வேறு: இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையின்படி 1.9 கோடிக் கத்தோலிக்கரில் தலித்துகள் 1.2 கோடி, அதாவது 63 சதவீதம்.

2008 மார்ச் 9 அன்று, புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் மூண்டது. போலீஸ் சுட்டதில் 2 பேர் இறந்தார்கள், இருவரும் வன்னியக் கத்தோலிக்கர். ஒரே பேராயர், ஒரே திருப்பலி, தகராறில் கோட்பாடு ஏதும் இல்லை. 1745-இல் சம்பா கோயிலில் வைத்த கோரிக்கை சுவரை எடு என்பது. 263 ஆண்டு கழித்து எறையூரில் வைத்தது, எங்களுக்கென்று தனிப் பங்கு கொடு என்பது.