பொன்தூளில் ஒரு மலைக்காட்சி

ஜப்பானின் பழைய பேழை ஒன்றின் படத்தைப் பார்ப்பவர் முதலில் பொன்னைத்தான் பார்ப்பார். கன்னங்கரிய பரப்பில் பொன்மலை, வளைந்த பைன்மரம், அடிவாரத்தில் ஓடை, இடையே கரைந்து மறையும் மூடுபனி. பொன்மையைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அது தீட்டிய பொன் அன்று, தூவிய பொன். 'மாக்கி-எ' என்னும் இக்கலையின் பெயருக்கே 'தூவிய ஓவியம்' என்பதுதான் பொருள்.

பொன்னைப் பற்றி நிற்பது 'உருஷி' என்னும் மரப்பால். நாம் அறிந்த அரக்கு பூச்சி தருவது; இது வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் லாக்கர் என்றே சொல்வதால் (நகை வைக்கும் லாக்கர் அன்று!) குழப்பம் நேர்கிறது. உருஷி மரம் நம் முந்திரி, மா, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டுத் தோல் புண்ணானவர்களுக்கு உருஷியின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரத்தைக் கீறினாலும் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் பால்தான் கிடைக்கும். மற்றொரு விந்தை: இது வெயிலில் காய்வதில்லை. வெதுவெதுப்பான ஈரக்காற்றில்தான் இறுகும். ஆதலால் பூசிய பொருளை ஈரம் காக்கும் அலமாரிக்குள் வைத்துவிடுவர்.

மரப்பலகையில் பல முறை உருஷி பூசி, ஒவ்வொரு முறையும் தேய்த்து வழவழப்பாக்குவர். பின்னர் உருஷியாலேயே மலையையும் மரத்தையும் வரைவர். அது இறுகுமுன் சிறு குழாயில் பொன்தூளை இட்டு, விரலால் மெல்லத் தட்டித் தூவுவர். மூடுபனியின் இரகசியம் இதில்தான் இருக்கிறது. மலை முகட்டில் நெருக்கமாக விழும் தூள், கீழே வரவரக் குறைந்து, கடைசியில் கறுப்பே எஞ்சும். அதன்மேல் மீண்டும் உருஷி பூசிக் கரியால் தேய்த்துப் பொன்னை வெளிக்கொணர்வது ஒரு முறை. பாறைகளை மேடாக எழுப்பிக் காட்டுவது பிறிதொரு முறை.

1639-இல் ஷோகுன் இயெமிட்சுவின் மகள் சியோஹிமேயின் திருமணத்திற்காகக் கோஅமி நகஷிகே செய்தளித்த சீர்ப்பொருள்கள் இக்கலையின் சிகரம் என்பர். மணமகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை! அவை இன்று நகோயாவில் உள்ள தொகுகாவா கலைக்கூடத்தில் இருக்கின்றன.

இப்பொருள்களின் உறுதியைக் கடலே சோதித்திருக்கிறது. 1873-ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சிக்குச் சென்ற கலைப்பொருள்களை ஏற்றித் திரும்பிய 'நைல்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், 1874-இல் ஜப்பானின் இசு கடற்கரையருகே மூழ்கியது. ஓராண்டுக்கும் மேலாக உப்புநீரில் கிடந்து மீட்கப்பட்ட உருஷிப் பொருள்கள் சில பெரிதும் கெடாமல் இருந்தனவாம். கடலுக்கு அஞ்சாத உருஷி வெயிலுக்கு அஞ்சும். புறஊதாக் கதிர் பட்டால் பளபளப்பு மங்கி, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஆகவேதான் அருங்காட்சியகங்களில் இவற்றை மங்கிய ஒளியில் வைக்கிறார்கள். செய்யப்பட்ட காலத்தில் எண்ணெய் விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும்தான் அந்தப் பொன்மலைகளை மக்கள் பார்த்தார்கள்.