பழைய ரைஃபிள் – 6: இறுகிப்போன திருகு

பழைய ரைஃபிளில் ஒரு பாகம் கழல மறுத்தால், துருதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கிடங்கில் வைக்கும்போது பூசிய கிரீஸ் காய்ந்து அரக்காகியிருக்கலாம். திருகு தளராமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே அதன் விளிம்பில் உளியால் கொத்தி மடக்கியிருக்கலாம். வேறொரு பாகம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும். பிடித்திருப்பது எது என்று தெரியும்வரை சுத்தியலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியக் கிடங்குகளில் தேங்கிய ரைஃபிள்கள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போயின. 1968-ல் சட்டம் தடுக்கும்வரை அங்கே தபாலிலேயே வாங்க முடிந்தது. அவற்றை வீட்டில் பிரித்துச் சீராக்குவது அந்நாட்டில் இன்றும் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படியில்லை, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும்.

எந்த நாடானாலும் முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டே அசையாத ரைஃபிளில் தோட்டா இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அது வீட்டில் பார்க்கிற வேலை அல்ல.

வரிசை தெரியாமல் செய்யும் சேதத்துக்கு லீ-என்ஃபீல்டு நல்ல உதாரணம். நம்மூர்ப் போலீஸ் தோளில் பல காலம் தொங்கிய ‘திரீ நாட் திரீ’யின் குடும்பம் இது, வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையிலும் உருவானது. இதன் பின்கட்டையை ஒரு நீண்ட போல்ட் உள்ளிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும். அடித்தகட்டைத் திறந்து, தோல் அடைப்பை எடுத்துவிட்டு, நீளத் திருப்புளியை உள்ளே விட்டால்தான் அது எட்டும். பழைய எஸ்.எம்.எல்.இ. வகையில் அந்த போல்ட்டின் மறுமுனை சதுரமானது. முன்கட்டையில் பதித்த சிறு தகட்டுக்குள் அது உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் சதுர முனை தகட்டைத் தள்ளும், நூறு வருஷ மரம் ‘சடக்’கென்று பிளக்கும். ஏலத்துக்கு வரும் பல துப்பாக்கிகளில் காணும் பிளவு இப்படி வந்ததுதான். ஜெர்மன் மவுசர் 98-ல் பெரிய திருகுகளின் பக்கத்திலேயே பொடித் திருகு ஒவ்வொன்று காவல் நிற்கும். அதை முதலில் கவனிக்காதவர் பெரிய திருகின் தலையைச் சிதைத்துவிடுவார்.

அடுத்தது திருப்புளி. கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். அதனால் காடியின் மேல் விளிம்பை மட்டும் தொட்டு, வலு கொடுத்ததும் எகிறி வெளியே வந்து தலையை மழுக்கிவிடும். துப்பாக்கி வேலைக்கான நுனியின் இரு பக்கமும் இணையாக இருக்கும்; காடியின் நீளத்தையும் அகலத்தையும் நிரப்பும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால், மிச்சப்படும் காசைவிட மாற்றுத் திருகுக்குச் செலவு அதிகம்.

காய்ந்த கிரீஸுக்கு மண்ணெண்ணெயே போதும். துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் வேண்டும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவு கலந்து பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கலவை எளிதில் தீப்பற்றும், மரத்தின் அரக்குப் பூச்சையும் கரைக்கும். எந்த எண்ணெயானாலும் ஒரு சொட்டு விட்டு, லேசாகத் தட்டி, ஓர் இரவு விட வேண்டும். இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பாலானவை இளகிவிடும்.

இளகாவிட்டால் சூடு. சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சில நிமிடம் வைத்தால் திருகு விரியும். ஆறும்போது சுருங்கித் துருப்பிடி விடும், எண்ணெயும் உள்ளே இறங்கும். போல்ட் ஓடும் உடல் பாகமான ரிசீவரில் மட்டும் தீ படக் கூடாது, சூடு மிஞ்சினால் அதன் எஃகு கெடும். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 1918 வரை எஃகு காய்ந்த பதத்தைத் தொழிலாளர்கள் நிறம் பார்த்தே கணித்தார்கள். வெயில் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்த எஃகு உண்மையில் அளவு மீறிக் காய்ந்திருந்தது. அங்கே செய்த 1903 மாடலில் வரிசை எண் 8,00,000-க்குக் கீழ் உள்ளவற்றைச் சுடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். சில ரிசீவர்கள் நொறுங்கின.

டிரில் மேடை இருந்தால் இன்னொரு வழி உண்டு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, திருப்புளி நுனியை அதில் மாட்டி, நெம்புகோலால் காடியில் அழுத்திப் பிடித்தபடி நுனியைப் பிடித்திருக்கும் ‘சக்’கைக் கையால் திருப்ப வேண்டும். மேலிருந்து விழும் அழுத்தத்தில் நுனி எகிறாது.

திருகு முறிந்தால், இடப்புறம் சுழலும் டிரில் பிட்டால் நடுவில் துளைப்பார்கள். துளைக்கும்போதே பல சமயம் துண்டு கழன்று வந்துவிடும். முறிந்த திருகை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கடைசி வழிதான். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைக் கடிக்கவே கடிக்காது.

கழன்ற திருகுகளை அட்டையில் ரைஃபிளின் படம் வரைந்து, அதனதன் இடத்தில் குத்தி வைப்பது வழக்கம். மவுசரின் முன் திருகும் பின் திருகும் ஒரே நீளமல்ல. என்ஃபீல்டின் மரையோ ஹார்டுவேர் கடைத் திருகு எதற்கும் பொருந்தாது.