குறும்படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ்?

பத்து நிமிடப் படத்துக்கும் சென்சார் வேண்டுமா?

திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடுவதானால் வேண்டும். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் நீளத்தைப் பார்த்து விலக்கு தருவதில்லை. திரைப்பட விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு பெறும் வழி இருக்கிறது. யூடியூபில் மட்டும் வெளியிட்டால் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை.

இப்போது எத்தனை வகைகள்?

அனைவருக்கும் 'யு', வயது வந்தோருக்கு மட்டும் 'ஏ', மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு 'எஸ்'. நடுவில் ஒன்றாக இருந்த 'யுஏ'வை 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான். 12 வயதுப் பிள்ளையைப் பெற்றோர் விரும்பினால் 13+ படத்துக்கு அழைத்துச் செல்லலாம். 'ஏ' அப்படியல்ல, 18 வயது நிரம்பாதவரை அரங்குக்குள் விடவே கூடாது.

குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் பற்றிய விழிப்புணர்வுப் படம் என்றால் 'ஏ'தானா?

கருவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. படத்தை முழுமையாகப் பார்த்து, காட்டியிருக்கும் விதத்தை எடைபோட வேண்டும். இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனதும் ஒரு சிறிய ஆவணப்படம்தான். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்து கே.ஏ. அப்பாஸ் எடுத்த படத்துக்கு, பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளுக்காக 'யு' மறுக்கப்பட்டது. வழக்கு நடந்தபோது வெட்டு இல்லாமலேயே 'யு' தர அரசு ஒப்புக்கொண்டது. 1970-இல் வந்த தீர்ப்பு முன்தணிக்கை செல்லும் என்றது. அதே தீர்ப்பு, எதைப் பேசுகிறோம் என்பதைவிட எப்படிக் கையாள்கிறோம் என்பதே முக்கியம் என்றும் வலியுறுத்தியது.

ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்காக எடுக்கும் படத்தில் அந்தக் கொடுமையைக் காட்சியாகவே வைக்காதீர்கள். வைத்தால், யாருக்காக எடுத்தீர்களோ அவர்களுக்கே கதவு அடைபடும். பிள்ளை அம்மாவிடம் வந்து சொல்லும் இடம் போதும், விஷயம் விளங்கிவிடும்.

இணையத்தில் வெளியிடும்போது வயதை நாமே எப்படிக் கணிப்பது?

2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் தாங்களே யு, 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்துகின்றன. நீங்களும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். வசவு, ரத்தம், போதைப்பொருள், நெருக்கமான காட்சி ஆகியவற்றைக் கவனிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குறும்படத்தில் தப்பிப்போவது முடிவுக் காட்சி. இரண்டரை மணி நேரப் படம் பயமுறுத்திய பிள்ளையை ஆற்றுவதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். குறும்படமோ பெரும்பாலும் அதிர்ச்சியிலேயே முடிந்துவிடும். பிள்ளை அந்தப் பயத்தோடுதான் எழுந்து போகும். அப்படி முடியும் படத்துக்கு ஒரு படி கூடுதல் வயதைப் போடுவதே நியாயம் என்பேன். தற்கொலை வரும் படத்தில் இன்னும் கவனம் வேண்டும். முறையை விவரிக்கும் காட்சியை வைத்துக்கொண்டு 13+ போடக் கூடாது.

யூடியூபில் 18+ கட்டுப்பாட்டை நீங்களே வைக்கலாம். 13+, 16+ என்றால் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

தணிக்கை வாரியம் தரும் வகை பிடிக்காவிட்டால்?

மறுஆய்வுக் குழுவிடம் போகலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டதால், அதன் பிறகு உயர் நீதிமன்றம்தான். தொலைக்காட்சியிலும் காட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே யோசியுங்கள்: 'ஏ' படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது, உரிய மாற்றங்கள் செய்து தனிச் சான்றிதழ் பெற வேண்டும்.