குரல் பதிவில் ஒரு மொழி



நினைவுரையில் வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலம் நமக்கு என்றைக்கும் வெறும் பாடமாக இருந்ததில்லை. சாவித்திரிபாய் புலே 1854இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் படிக்கச் சொன்னார். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் 1930இல் லண்டன் வட்டமேசையில் நம் வழக்கை வைத்தது அந்த மொழியில்தான். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்துத் தலித் மக்கள் ஆங்கிலத்துக்கு ஒரு தேவி சிலையே செய்தார்கள். கோயில் கட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. அவள் நின்றது ஒரு கணினியின் மேல் என்பதை மட்டும் கவனியுங்கள். இன்று செய்தால் செல்போன்மேல் நிற்பாள்.

திருவேங்கடத்துப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வரும் பெண், சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறி ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க முடியாது. நேரமும் இல்லை, கட்டணமும் இல்லை. வீட்டில் போன் இருக்கிறது.

அந்தப் போனில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியிருக்கிறோம். அதனால் ஆங்கிலம் வந்துவிடாது. பாதிச் சொல்லை கீபோர்டே முடித்தும் கொடுத்துவிடுகிறது. உதவுவது குரல் பதிவு. வகுப்பில் எழுந்து ‘இஸ்கூல்’ என்றால் சிரிப்பார்கள். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்துகளோடு தொடங்காது; அதனால் நாக்கு முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொள்கிறது. எல்லாச் சாதி நாக்கும் அப்படித்தான். சிரிப்பு மட்டும் சேரிப் பிள்ளைக்கு. குரல் பதிவிலோ பேசி, கேட்டு, அழித்து, பத்தாவது தடவை பேசியதை அனுப்பலாம். அந்த ஒன்பதையும் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே குழு தொடங்கும் தோழர்கள் ‘அட்மின் மட்டும் பதிவிடலாம்’ என்று வைக்காதீர்கள். காலையில் பத்துச் சொல், அதற்கு நாற்பது கட்டைவிரல்: அது கரும்பலகைதான், குழு அல்ல. தினம் ஐந்து வாக்கியம், அன்று செய்த வேலையைப் பற்றி, அவரவர் குரலில் வரட்டும். பிழையைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் பெண்ணின் எண் எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. முகப்புப் படத்தில் யார் தலைவர் என்று பார்த்துச் சாதியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ‘ஹாய்’ வந்தால் போதும். அண்ணன் போனைப் பிடுங்கிவிடுவான், படிப்பு அதோடு சரி. பெண்களுக்குத் தனிக் குழுவும் பெண் அட்மினும் வேண்டும். சேரும் இணைப்பைப் பொதுவில் போடக் கூடாது. டெலிகிராமில் நாம் தொடர்பில் சேர்க்காதவர்களுக்கு எண் தானாகவே தெரியாது; ஆனால் முழுவதும் மறைக்க அமைப்புக்குள் போய் நாமேதான் மாற்ற வேண்டும், முதல் நாளே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

‘மறையும் செய்தி’ வசதியை அணைத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, முதல் நாள் பதிவை அந்தப் பெண்ணிடமே போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.