குளிர்நாட்டில் ஒரு நீர்ப்பயிர்

வடநாட்டுக் குளிரில் மாடத்துத் துளசி கருகுவதைக் கண்டு வருந்தும் நமக்கு, நெதர்லாந்தின் திறந்தவெளியில் கடல் நுண்பாசி பயிராவது வியப்பளிக்கும். வாகெனிங்கன் பல்கலைக்கழகம் 2011-ஆம் ஆண்டில் இதற்கெனச் சோதனைக்களம் ஒன்றைத் தொடங்கிற்று. நானோகுளோரோப்சிஸ் என்னும் எண்ணெய் மிக்க நுண்பாசியை அங்கே உப்புநீர்க் குளத்திலும் ஒளிபுகும் குழாய்களிலும் வளர்த்து ஒப்பிட்டனர்.

இப்பயிருக்குக் குளிரைவிடக் குளிரோடு கூடிய வெயிலே பெரும்பகை. ஒளியைப் பற்றும் வேகம் குறையாதிருக்க, அதனை உணவாக்கும் வேகம் குளிரில் குன்றுகிறது. மிஞ்சிய ஒளி உயிரணுவைச் சிதைக்கிறது. நீரைச் சூடேற்றலாமே எனின், விளைச்சல் தரும் ஆற்றலை எரிபொருளே விழுங்கிவிடக்கூடும். ஆகவே, ஆண்டு முழுதும் அறுவடை என்னும் ஆசையை விடுத்து, வேனிலில் விளைவித்துப் பனிக்காலத்தில் ஓய்வு கொடுத்தலே அறிவுடைமை என்போம். பட்டம் பார்த்து விதைத்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று.